மாஸ்டரிடமே இருப்பதா, ஜிம் மாறுவதா?

ஜாப்மட்டும்தான்:

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கைக்குத் துணி சுற்றக்கூடத் தெரியாமல் உள்ளே நுழைந்த காலத்திலிருந்து ஒரே மாஸ்டரிடம்தான் பாக்சிங் கற்றுக்கொண்டு வருகிறேன். நிற்பது, நகர்வது, ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து), ஸ்லிப் (தலையை விலக்கி அடியைத் தவிர்ப்பது), அடிக்கும்போது மூச்சை எங்கே விடுவது, எல்லாமே அவர் போட்ட பிச்சை. நல்ல மனிதர். ஃபீஸ் கட்டத் தாமதமானபோதெல்லாம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனாலேயே இதை எழுதுவதற்குக்கூட மனசு உறுத்துகிறது.

விஷயம் என்னவென்றால், எனக்கு அமெச்சூர் போட்டியில் ஏற வேண்டும். ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், "பார்க்கலாம்", "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்பதைத் தாண்டிப் பதில் வந்ததில்லை. இதற்கிடையில் ஜிம்மின் முகமே மாறிவிட்டது. மாலை வகுப்பில் பாதிக்கு மேல் எடை குறைக்க வருகிறவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, வாடகையே அவர்களால்தான் ஓடுகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாஸ்டரின் கண் இப்போது எங்கள் மேல் இல்லை. போன வாரம் எனக்குப் பேட் பிடித்தார், அதாவது கையில் பேட் மாட்டிக்கொண்டு என் குத்துகளை வாங்கினார். ஒன்-டூ, ஒன்-டூ (ஜாப், உடனே பின்கையால் ஒரு குத்து), ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து). பார்வை முழுக்க என் தோளுக்குப் பின்னால், கதவுப் பக்கம். ஜாப் போட்டுவிட்டுக் கையை நேராகத் தாடைக்குக் கொண்டுவராமல், வேண்டுமென்றே மார்புவரை இறக்கிச் சுற்றிக் கொண்டுவந்தேன். முன்பெல்லாம் இப்படிச் செய்தால் அந்தக் கணமே பேடால் கன்னத்தில் ஒன்று விழும். இந்தமுறை ஒன்றுமே விழவில்லை. அடுத்த காம்பினேஷனைச் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் இடக்கைக்காரன். மாஸ்டர் முதல் நாளே என்னை இடக்கால் முன்னால் வைத்து ஆர்த்தடாக்ஸாக நிற்க வைத்துவிட்டார், நானும் ஏன் என்று கேட்டதில்லை. சமீபத்தில் ஒரு நண்பன் கூப்பிட்டான் என்று வேறொரு ஜிம்முக்குப் போனேன். போட்டிக்கென்றே தனி அணி வைத்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் கோச் நான் ஷேடோ போடுவதை (ஆள் இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவதை) பார்த்துவிட்டு, "நீ சவுத்பா தம்பி, உன் நல்ல கையை யாரோ வீணாக்கி வைத்திருக்கிறார்கள், இங்கே வா, சீக்கிரமே போட்டியில் ஏற்றிவிடுகிறேன்" என்றார். சவுத்பா என்றால் வலக்கால், வலக்கை முன்னால், இடக்கை பின்னால் வைத்து நிற்பது. அன்றைக்கே ஸ்பாரிங்கும் (ரிங்கில் எதிராளியோடு பயிற்சிச் சண்டை) போட்டேன். எல்லோரும் முழு பலத்தில்தான் அடிக்கிறார்கள். மறுநாள் மதியம்வரை தலைவலி. ஆனாலும் ரிங்கை விட்டு இறங்கியபோது இருந்த சந்தோஷத்தை ரொம்ப நாளைக்கு அப்புறம் பார்த்தேன்.

மாஸ்டருக்கு நான் அங்கே போனது தெரியாது. மாறிவிடலாமா? சவுத்பா விஷயத்தில் யார் சொல்வது சரி?

ஞாயிறு_ரவுண்டு:

மாறு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே எனக்குப் புரியவில்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்தும் "பார்க்கலாம்" என்று மட்டுமே ஒருவர் சொல்கிறார் என்றால் அவர் பார்க்கப்போவதில்லை என்றுதான் அர்த்தம். நன்றி வேறு, பயிற்சி வேறு. 1994 செப்டம்பரில் ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் இரண்டாவது ரவுண்டிலேயே ஆலிவர் மெக்காலிடம் பட்டத்தை இழந்தார். அன்று மெக்காலின் கார்னரில் கோச்சாக நின்றவர் இமானுவேல் ஸ்டூவர்ட். லூயிஸ் என்ன செய்தார் தெரியுமா? அதே ஸ்டூவர்ட்டைத் தன் கோச்சாகக் கூட்டிக்கொண்டு வந்தார், பிறகு 1997-இல் அதே மெக்காலை ஐந்தாவது ரவுண்டில் முடித்துப் பட்டத்தையும் வாங்கினார். தன்னைத் தோற்கடித்த ஆளையே கோச்சாக வைத்துக்கொள்கிற அளவுக்குப் போகிறார்கள், நீ ஒரு ஜிம் மாறுவதற்கு இவ்வளவு தவிக்கிறாய்.

பழைய_கிளவுஸ்:

உலக சாம்பியன்களை உதாரணம் காட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோச்சை மாற்றி ஜெயித்தவர்களின் கதைதான் நமக்கு ஞாபகம் இருக்கும். மைக் டைசன் 1988 கடைசியில் தன் கோச் கெவின் ரூனியை அனுப்பிவிட்டார், 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்தார். அதையும்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும். (டைசன் விழுந்ததற்கு ரூனி இல்லாதது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, வேறு ஆயிரம் இருந்தது.)

சரி, சவுத்பா கேள்விக்கு வருகிறேன், அதில்தான் உன் மாஸ்டரைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். இடக்கைக்காரன் என்றால் சவுத்பாதான் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆஸ்கர் டி லா ஹோயா இடக்கைக்காரர், ஆர்த்தடாக்ஸாகத்தான் நின்றார். மிகேல் காட்டோவும் அப்படித்தான். எதிர்ப்பக்கமும் உண்டு, லோமசென்கோ வலக்கைக்காரர், சவுத்பாவாக நின்றார். நல்ல கையை முன்னால் வைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ரவுண்டில் அதிகம் வேலை செய்வது முன்கைதான். ஜாப் குத்தூசிபோல இல்லாமல் இடிபோல விழும், இடது ஹூக் எதிராளியின் தாடைக்கு மிகக் கிட்டே இருந்து கிளம்பும். காட்டோ எதிராளியின் விலாவில் போட்ட இடது ஹூக்கைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் இந்தக் கணக்குக்காகத்தான் மாஸ்டர் உன்னை அப்படி நிற்க வைத்தாரா, இல்லை வகுப்பு முழுக்க ஒரே பக்கம் நின்றால் சொல்லிக்கொடுக்கச் சுலபம் என்று நிற்க வைத்தாரா? இதற்கு அவரைக் கேட்கவே வேண்டாம், உன் பயிற்சியை நீயே திரும்பிப் பார். இடது ஹூக்கை உன் முக்கியமான அடியாக வளர்த்தாரா? இரட்டை ஜாப், ஜாப் போட்ட அதே கையால் ஹூக், விலாவுக்கு ஹூக் என்று உனக்கென்று தனியாக ஏதாவது கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. மற்றவர்களைப் போலவே உன்னையும் வலது கிராஸை (பின்கையால் நேராக விடும் குத்து) ஆயிரம் தடவை அடிக்க வைத்திருந்தால் அது வசதிக்காகச் செய்தது.

புது கோச் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வந்த அன்றே, ஷேடோ போடுவதை மட்டும் பார்த்துவிட்டு, முன்பிருந்தவர் வீணாக்கிவிட்டார் என்று சொல்கிற கோச்மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. நிற்கும் பக்கத்தை மாற்றினால் கால் வைக்கும் இடம் முதல் எல்லாம் மாறும். சவுத்பாவாக நின்றால் எதிரில் இருப்பவரின் முன்கால் உன் முன்காலோடு முட்டும், யாருடைய கால் வெளிப்பக்கம் போகிறது என்பதே தனிச் சண்டை. இதையெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வைத்துக்கொண்டே "சீக்கிரம் போட்டியில் ஏற்றுகிறேன்" என்றும் சொல்கிறார். இரண்டும் ஒன்றாக நடக்காதே.

கயிறுதாண்டி:

எல்லோரும் கோச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தலைவலியை யாருமே கேட்கவில்லையா?

ஜாப்மட்டும்தான், ஸ்பாரிங் போட்ட மறுநாள் மதியம்வரை தலை வலித்தது என்றால் அதைச் சும்மா விடாதே. மருத்துவரைப் பார். அவர் சரி என்று சொல்லும்வரை தலையில் அடி படுகிற எதையும் செய்யாதே, எந்த ஜிம்மாக இருந்தாலும். மூளை அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெட்கார்டு போட்டிருந்தேனே என்று சொல்லாதே. ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காப்பாற்றும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. ஆண்கள் எலீட் போட்டிகளில் 2013-இல் ஹெட்கார்டையே எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் ஆடினார்கள். அமெச்சூர் போட்டியில் தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறவிட மாட்டார்கள். ஜிம்முக்குள் வாங்குகிற அடிக்கு மட்டும் எந்தக் கணக்குப் புத்தகமும் கிடையாது, அங்கே கோச்தான் சட்டம். அதனால் அந்தக் கோச் எப்படிப்பட்டவர் என்பதை ஸ்பாரிங் நாளில்தான் பார்க்க வேண்டும்.

கிளவுஸ் எடுத்துக்கொள்ளாமல் ஒருநாள் அங்கே போ. சும்மா பெஞ்சில் உட்கார்ந்து பார். புதிதாக வந்தவனை யாருடன் இறக்குகிறார்? எடை, அனுபவம் பார்க்கிறாரா, இல்லை கையில் கிடைத்தவனோடு தள்ளிவிடுகிறாரா? எல்லோரும் 16 அவுன்ஸ் (தடிமனான பயிற்சிக் கிளவுஸ்) போட்டிருக்கிறார்களா, இல்லை சிலர் 10, 12 அவுன்ஸ் போட்டிக் கிளவுஸோடு ஏறுகிறார்களா? ஒருவன் கால் தள்ளாடினால் மணி அடிக்கும்வரை காத்திருக்கிறாரா, உடனே நிறுத்துகிறாரா? நிறுத்திய பிறகு அடி வாங்கியவனிடம் போய்ப் பேசுகிறாரா? வலுவானவன் அளவு மீறி அடித்தால் அவனைத் திட்டுகிறாரா, இல்லை சுற்றி நின்று எல்லோரும் கைதட்டுகிறார்களா? நீ முதல்முறை போன அன்றே, உன்னைப் பற்றி ஒன்றுமே தெரியாமல், முழு பலத்தில் அடிக்கிறவர்கள் நடுவே இறக்கிவிட்டார்கள். எனக்கு அது ஒன்றே போதும்.

நானும் ஜிம் மாறினவள்தான். எங்கள் ஜிம்மில் என் எடையில் இன்னொரு பெண்ணே இல்லை, 15 கிலோ அதிகமுள்ள ஆண்களோடுதான் ஸ்பாரிங். அவர்கள் பாவம் பார்த்து அடித்தால் எனக்குப் பயன் இல்லை, நிஜமாக அடித்தால் நான் தாங்க மாட்டேன். இதை மாஸ்டரிடம் நேரில் சொன்னேன், அவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கும் போட்டி இருந்தால் அவருக்குப் போன் செய்வேன். மாறுவதாக இருந்தால் நேரில் சொல்லிவிட்டு மாறு, வேறொருவன் வாயிலிருந்து அவர் கேட்கும்படி விடாதே. இந்த உலகம் ரொம்பச் சின்னது, நாளைக்கு உன் எதிர் கார்னரில் அவரே நிற்கலாம்.

ஞாயிறு_ரவுண்டு:

தலைவலி விஷயம் சரி, அதை நான் கவனித்திருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் "முழு பலத்தில் அடிக்கிறார்கள்" என்று ஒரு புதியவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. வருஷக்கணக்காக ஒரே இரண்டு பேரோடு மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்துவிட்டுப் போனால் சாதாரண ஸ்பாரிங்கூட யுத்தமாகத்தான் தெரியும். போட்டியில் யாரும் தட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

மூலை_ஸ்டூல்:

நான் ஒரு ஜிம்மில் உதவி கோச்சாக இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

"பார்க்கலாம்" என்று நாங்கள் சொல்வதற்குப் பல காரணம் உண்டு, சில நியாயமானவை, சில கோழைத்தனம். நியாயமானது: பையனுக்குப் பஞ்சிங் பேக்கில் எல்லாம் வருகிறது, ஸ்பாரிங்கில் அடி விழுந்தவுடன் எல்லாம் மறந்துவிடுகிறது. அமெச்சூர் என்றால் தலா 3 நிமிடமாக 3 ரவுண்டுதான், கேட்பதற்கு ஒன்றுமில்லைபோல இருக்கும். முதல் போட்டியில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் முதல் ரவுண்டிலேயே பதற்றத்தில் மூச்சை முழுக்கச் செலவழித்துவிடுவார்கள், மூன்றாவது ரவுண்டில் கை தூக்க முடியாது. அந்த மூன்றாவது ரவுண்டில் தாடை தெரியாமல் நிற்கிறானா என்று பார்க்காமல் யாரையும் ஏற்ற எனக்கு மனசு வராது. கோழைத்தனமானது: "உனக்கு இது சரிப்படாது" என்றோ "என்னால் இப்போது அணியைக் கூட்டிக்கொண்டு அலைய முடியவில்லை" என்றோ முகத்துக்கு நேராகச் சொல்லத் தயங்குவது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால் "எப்போது போட்டியில் ஏற்றுவீர்கள்" என்று கேட்காதே, அதற்குப் "பார்க்கலாம்"தான் பதிலாக வரும். "மாஸ்டர், நான் போட்டியில் ஏறுவதற்கு என்ன குறைகிறது?" என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். உன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிற கோச் என்றால் உடனே மூன்று விஷயம் சொல்வார், அதில் ஒன்றாவது உனக்குக் கோபம் வருகிற மாதிரி இருக்கும். பொதுவாக "இன்னும் ஸ்டாமினா வேண்டும், அனுபவம் வேண்டும்" என்று இழுத்தால் அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பார்க்கவில்லை. அன்றைக்குக் கிளம்பலாம்.

லூயிஸ் கதையைச் சொன்னவருக்கு அதே ஸ்டூவர்ட்டை வைத்தே இன்னொன்று. ஹெவிவெயிட் வீரர் விளாடிமிர் கிளிச்கோ ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து ஆடிய முதல் சண்டையிலேயே, 2004-இல், லேமன் ப்ரூஸ்டரிடம் ஐந்தாவது ரவுண்டில் தோற்றார். அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. 2006-இல் பட்டம் வாங்கினார், 2012-இல் ஸ்டூவர்ட் இறக்கும்வரை அவரோடுதான் இருந்தார். புது கோச் சொல்வது உடம்பில் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும், ஆரம்பத்தில் பழையதும் வராது, புதியதும் வராது. அந்தக் காலத்தைத் தாண்டுவதற்கு முன்பே திரும்பவும் மாறுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மூன்று ஜிம் மாறி, மூன்று விதமான கார்டு (தற்காப்பாகக் கை வைக்கும் முறை), ஒன்றும் முழுதாக வராது.

இன்னொரு நடைமுறை விஷயம். பல நாடுகளில் அமெச்சூர் வீரரை ஒரு கிளப்பின் பெயரில்தான் பதிவு செய்கிறார்கள், மாறுவதற்கு எழுத்து வேலை இருக்கும். நீ ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறாயா, எந்தப் பெயரில் என்று முதலில் பார்த்துக்கொள்.

ஜாப்மட்டும்தான்:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்துவிட்டேன், பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்ச நாளைக்கு ஸ்பாரிங் மட்டும் வேண்டாம் என்றார். பதிவு எதுவும் இதுவரை செய்யவில்லை.

மாஸ்டரிடம் பேசினேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மூலை_ஸ்டூல் சொன்ன அதே வார்த்தையில் கேட்டேன். கேட்டதும் என்னை ரிங்குக்குள் கூப்பிட்டு நிற்கச் சொன்னார். ஜாப் போடச் சொன்னார். போட்டேன். என் வலது முழங்கையைத் தொட்டு, "நீ இடது கையை நீட்டும்போதெல்லாம் இது விலாவை விட்டு வெளியே கிளம்புகிறது, ரொம்ப நாளாக இருக்கிறது, களைத்துப்போனால் இன்னும் மோசம்" என்றார். அப்புறம், அடி விழுந்தால் நேராகப் பின்னால் போகிறேன், பக்கவாட்டில் திரும்புவதே இல்லை என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. தெரிந்திருந்தும் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பேட் பிடிக்கத் தோள் ஒத்துழைக்கவில்லை, இருக்கிற வகுப்புகளை நடத்திவிட்டு வீட்டுக்குப் போவதற்கே உடம்பு சரியாக இருக்கிறது, போட்டி என்றால் வாரக் கடைசியெல்லாம் அலைய வேண்டும், இனிமேல் அது தன்னால் ஆகாது என்றார்.

ஸ்டான்ஸ் பற்றியும் கேட்டேன். இடது ஹூக்குக்காகத்தான் அப்படி நிற்க வைத்தாராம். அந்த ஹூக்கைத் தனியாக வளர்த்துவிட வேண்டும் என்று ஆரம்பத்தில் நினைத்தாராம், அப்புறம் வகுப்பு பெரிதாகிவிட்டது. பழைய_கிளவுஸ் சொன்ன இரண்டு பதிலில் எதில் இதைச் சேர்ப்பது என்று தெரியவில்லை, பாதிப் பாதி.

அந்த இன்னொரு ஜிம்முக்குப் போனதையும் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை, ஆனால் அந்த இடம் வேண்டாம் என்றார். தன்னிடம் முன்பு கற்றுக்கொண்ட ஒருவர் இப்போது சின்னதாக ஒரு அணி வைத்து நடத்துகிறாராம், அங்கே பேசிப் பார்க்கச் சொல்லி நம்பர் கொடுத்தார். இங்கே வந்து பேக் அடிக்க எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றும் சொன்னார்.

போகலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் தன் பழைய மாணவனிடம் அனுப்புகிறார் என்றால் அது எனக்கு நல்லதா, இல்லை என்னைக் கைகழுவுகிறாரா என்ற சந்தேகமும் கூடவே வருகிறது.

பழைய_கிளவுஸ்:

கைகழுவுகிறவர் அந்த ஜிம் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். புது இடத்தில் நின்றவுடன் ஸ்டான்ஸை மாற்றாதே. முதலில் ஆர்த்தடாக்ஸிலேயே அந்த இடது ஹூக்கை முழுதாக வளர்த்துப் பார், அது வந்தால் மாற்ற வேண்டிய தேவையே இருக்காது. வராவிட்டால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

கயிறுதாண்டி:

நம்பர் கொடுத்தவரிடமும் அதே பெஞ்சு வேலை செய், மாஸ்டரின் ஆள் என்பதற்காக விட்டுவிடாதே. ஸ்பாரிங் எந்த நாளில் என்று கேட்டு, கிளவுஸ் இல்லாமல் போய் உட்கார்ந்து பார். தலை முழுதாகச் சரியாகவில்லை என்பதையும் போனவுடனே அவரிடம் சொல்லிவிடு. அதைக் கேட்டுவிட்டு என்ன செய்கிறார் என்று இங்கே வந்து எழுது.

ஞாயிறு_ரவுண்டு:

கடைசியில் மாறத்தான் போகிறாய், நான் முதலிலேயே சொன்னேன். அந்த முழங்கையைப் பார்த்துக்கொள்.